அக்கரையில் ஒரு மேசை

சனிக்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடம். எங்கள் தேவாலயத்தில் ஆயர் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரியின் வாசலில் நின்று, ஒருவர் மேசை அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசை என்றால் திருவிருந்து மேசை. அப்பமும் திராட்சை ரசமும் வைக்கும் மேசை. ஆயரும் மூப்பரும் தவிர வேறு யாரும் அதன் மேல் கை வைப்பதில்லை. அளந்தவர் தேவசகாயம், தறிச் சட்டம் செய்யும் தச்சர். முழங்கால் போட்டு, டேப்பை மேசைக்காலோடு ஒட்டிப் பிடித்து, அளவை இடது உள்ளங்கையில் பென்சிலால் எழுதிக்கொண்டார். நீளம், அகலம், உயரம். கால்களின் கடைசலை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்தபோது விரிப்பில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவிவிட்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஆராதனைக்கான பாட்டு எண்களைப் பலகையில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனேன். டைரியில் எழுதினேன்: "4.10. தேவசகாயம் மேசையை அளந்தார். மூன்று அளவுகள். யாரிடமும் சொல்லவில்லை."

ஒவ்வொரு சொல்லும் சரி. அந்தக் குறிப்பு செய்த வேலையைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுதப்போகிறேன். தேதி டைரியில் இருக்கிறது, இங்கே வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். செல்போனை இன்னும் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டிருந்த காலம் என்று சொன்னால் போதும்.

கோவிந்தன் கேட்ட கேள்வி

சங்கிலி அளவையைப் பற்றி எழுதிய வாரத்தில், நான் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்ததைச் சொல்லியிருந்தேன். ஆரணியில் அப்போது நாங்கள் இருந்த வீட்டின் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் கோவிந்தன் வீடு. பட்டு நெசவுக் குடும்பம், இரண்டு தறி. காலை ஆறரைக்குத் தொடங்கும் தறிச் சத்தத்தில்தான் நான் சவரம் செய்துகொள்வேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் நான் வேதபாடம் எடுப்பேன். சுவருக்கு அந்தப்புறம் அத்தனையும் கேட்கும். ஒருநாள் கோவிந்தன் வாசலில் என்னை நிறுத்தினார்.

"சார், ஒரு சந்தேகம். உங்க சாமி ஜனங்கள எங்க இட்டுகினு போனாலும் கடைசில ஒரு ஆத்தாண்ட கொண்டாந்து நிக்க வெச்சிடுதே, அது ஏன்?"

"எத்தனை ஆறு கேட்டீங்க?"

"நானா எண்ணுனேன்? தறில நாடா ஓட்டிகினு இருந்தேன். மூணு நாலு இருக்கும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்தேன். ஆற்றின் பெயர். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு. கடந்தவர் யார். தண்ணீர் எவ்வளவு. கையில் என்ன கொண்டுபோனார்கள். கல் நட்டார்களா.

கடைசிக் கட்டம் என் தொழில் புத்தி. அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்: "வேதத்துக்கே பட்டா போடப் போறீங்களா?"

ஆறு நல்ல எல்லை அல்ல

சர்வேயருக்கு ஆறு என்றால் தலைவலி. கலசப்பாக்கம் பக்கம் ஒரு வேலை. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆறுதான் எல்லை என்று பழைய படம் சொன்னது. ஒரு பெருமழைக்குப் பிறகு ஆறு முப்பதடி தள்ளிப் படுத்துக்கொண்டது. இந்த ஊர்க்காரரின் வேர்க்கடலை அந்த ஊரில் முளைத்திருந்தது. "ஆறு வந்திச்சி, நான் வரலியே" என்றார் அவர். எல்லைக் கல்லைத் தேடினோம். கல் மட்டும் நகரவில்லை.

அதனால் இஸ்ரவேலரின் ஆறுகளை நான் சந்தேகத்தோடுதான் வாசித்தேன். அர்னோன் மோவாபியரின் எல்லை. யாப்போக்கு அம்மோனியரின் எல்லை. அதன் துறையில்தான் யாக்கோபு எல்லோரையும் அக்கரைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்றான். சேரேத் சின்ன ஓடை. ஆனால் அதைக் கடந்த அன்றுதான் முப்பத்தெட்டு வருட வனாந்தர அலைச்சல் முடிந்தது என்று கணக்காக எழுதியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒரு தலைமுறையே ஒரு ஓடைக்கு இந்தப்புறம் நின்றுவிட்டது.

யோர்தானில் வேறொன்று என் கண்ணில் பட்டது. அறுப்புக்காலம், ஆறு கரை புரண்டு ஓடுகிறது. ஆசாரியர்கள் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்தபடி தண்ணீரின் ஓரத்தில் கால் வைக்கிறார்கள். தண்ணீர் நிற்கிறது. எங்கே? அவர்கள் கண்ணெதிரே இல்லை. வெகுதூரம் மேலே, ஆதாம் என்ற ஊருக்குப் பக்கத்தில். அப்படியானால் நடுவில் இருக்கும் தண்ணீர் வடிய வேண்டாமா? அதுவரை காலை நனைத்துக்கொண்டு நின்றிருப்பார்களா? எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதவில்லை. நானோ நிமிடம் குறிப்பவன். அந்த எழுதாத நேரத்தை நினைத்து ஒரு வாரம் கழித்தேன். தூரத்தில் நின்றுவிட்ட தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. காலில் படும் ஈரம்தான் தெரியும். விசுவாசம் என்பது அந்த நேரத்துக்குள் பின்வாங்காமல் நிற்பதாக இருக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன்.

அன்று கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் எஸ்தர். தேவசகாயத்தின் ஒரே மகள். ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடும் வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து உட்காருவாள்.

நாற்பது நாள் தண்ணீர்

எஸ்தரின் வீடு ஆற்றுக்கு அக்கரை. எங்கள் கமண்டல நாகநதியை வெளியூர்க்காரர்கள் ஆறு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வருடத்தில் பத்து மாதம் மணல்தான். அக்கரையில் இருந்த எங்கள் சபையின் ஒன்பது குடும்பங்களும் ஞாயிறு காலை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே வருவார்கள். தேவாலயப் படியில் உட்கார்ந்து கால் துடைத்துக்கொள்வார்கள். படியில் மணல் சேருகிறது என்று ஜெபமணி மூப்பர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஜெபமணி மூப்பர் அரிசி மண்டி வைத்திருந்தவர். கண்டிப்பானவர், சபைக்காக உழைத்தவர். நான் சபைச் செயலாளர். அவர் பேசுவார், நான் எழுதுவேன்.

அந்த வருடம் மழை கொட்டியது. ஆற்றில் நாற்பது நாளுக்கு மேல் தண்ணீர் ஓடியது. பாலம் சுற்றி வர வேண்டும்; வயதானவர்களும் குழந்தைகளும் வரவில்லை. தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில்தான் நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை.

கிறிஸ்துமஸ் முடிந்தது. எஸ்தருக்கு வந்தவாசியில் வரன் அமைந்தது. தை மாதம் எங்கள் தேவாலயத்தில் திருமணம். வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரமே மண்டிக்கு வந்த ஒருவர் மூப்பரிடம் சொல்லியிருக்கிறார்: அக்கரையில், தேவசகாயத்தின் பட்டறையில் தனி மேசை போட்டுவிட்டார்கள். அச்சு அசலாக நம் மேசை. பட்டு விரிப்பு வேறு.

நான் டைரியை வாசித்தேன்

புதன்கிழமை கமிட்டி கூடியது.

"தனி மேசைன்னா தனி சபை" என்றார் மூப்பர். "ஊர்ல தெருவுக்கு ஒண்ணு முளைக்குதே, அதுல இதுவும் ஒண்ணு. இன்னிக்கு மேச, நாளைக்கு மைக் செட்டு."

"நேரில் பார்க்காமல்..." என்று ஆயர் தொடங்கினார். மென்மையானவர், எங்கள் ஊருக்குப் புதிது.

"பார்த்த ஆளு பக்கத்துல குந்திகினு கீறாரே! செயலாளரே, உங்க டைரி இன்னா சொல்லுது?"

வாசித்தேன். கிழமை, மணி, மூன்று அளவுகள், யாரிடமும் சொல்லவில்லை. வாசிக்கும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. "யாரிடமும் சொல்லவில்லை" என்ற இரண்டு சொற்கள்தான் காரியத்தைத் தீர்த்தன. திருட்டுத்தனமாக அளந்தார் என்று அது மாறிவிட்டதை நான் என் காதாலேயே கேட்டேன்.

கமிட்டியின் தீர்மானம் இது: ஒன்பது குடும்பங்களின் பெயரையும் சபைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது. பெயர் இல்லாதவர்களுக்கு இங்கே திருமணம் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிப்பதில்லை. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். ஓலை பாதியில் நின்றால் வந்தவாசிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயர் மட்டும் பேனாவைத் திறக்கவில்லை.

"கையெழுத்து ஞாயிறு காலை போடுகிறேன். அதற்குள் இரண்டு பேர் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

அன்று பழைய டைரிகளைப் புரட்டினேன். முந்தைய வருடத்தில் ஒரு வரி: தேவாலயக் கூரை மரம் மாற்ற தேவசகாயம் ஒன்பது நாள் வந்தார், தன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். இந்த வரியும் சரியானதுதான். இதைக் கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

மணலைத் தாண்டி

சனிக்கிழமை காலை மூப்பரும் நானும் போனோம். ஆற்றில் நடுவே மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் வைத்தார்.

"ஐயோ, சில்லுன்னு கீது."

"நாற்பது நாளில் இது கழுத்து வரைக்கும் ஓடியது" என்றேன்.

"நீங்க அளந்தீங்களா?" என்றார். அன்று அவர் செய்த ஒரே வேடிக்கை அதுதான்.

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. ஒருபுறம் பாதி முடிந்த தறிச் சட்டங்கள், மரத்தூள் வாசனை. மறுபுறம் பாய்கள் விரித்த இடம். அதன் முன்னால் அந்த மேசை. அரக்குச் சிவப்பில் பட்டு விரிப்பு, தரை வரை தொங்கியது. தேவசகாயம் எழுந்து நின்றார். எஸ்தர் உள்வாசலில் நின்றாள்.

"வாங்க மூப்பரே. வாங்க சார். தண்ணில எறங்கியா வந்தீங்க? பாலம் சுத்தி வந்திருக்கலாமே."

"விசாரிக்க வந்திருக்கிறோம், தேவசகாயம். உக்கார வரல."

"விசாரிங்க."

"இது இன்னாது?"

"மேச."

"யார கேட்டு செஞ்ச? ஒரு சபைக்கு ரெண்டு மேசையா? இதுல எவன் அப்பம் பிட்டுக் குடுக்கப் போறான்? நீயா?" மூப்பரின் குரல் ஏறியது. "இந்த மேச இங்க இருக்கிற வரைக்கும்..." என்று மேசையை ஓங்கித் தட்டினார்.

கை நிற்கவில்லை. விரிப்போடு முழங்கை வரை உள்ளே போயிற்று. மூப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன்.

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தேவசகாயம் விரிப்பை எடுத்தார். நான்கு கால், சுற்றிலும் சட்டம், கீழே குறுக்குக் கட்டை. மேலே ஒன்றுமில்லை. பலகையே இல்லை. சட்டத்தின் வழியாகக் கீழே தரை தெரிந்தது.

என் பையில் எப்போதும் டேப் இருக்கும். அளந்தேன். நீளம், அகலம், உயரம், மூன்றும் கால் அங்குலம் பிசகாமல் நம் மேசை.

"பலகை?" என்றேன்.

"அது அந்தாண்ட கீது சார். நம்ம கோயில்ல." தேவசகாயம் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார். "நாப்பது நாளு புள்ளைங்க வர முடியல. இங்கயே பாய் போட்டு பாட்டு சொல்லிக் குடுத்தோம். ஒரு பொடிசு கேட்டுச்சி, நம்ம கோயில் இதுதானாபான்னு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சி. இன்னும் ரெண்டு மழை வந்தா இதான் கோயில்னு வளந்துடும். அப்பால உங்க ஊட்டுப் புள்ளைங்க, நீங்க யாருடா அக்கரைக்காரனுங்கன்னு கேட்டா, அதுங்க இன்னா சொல்லும்? அதான் மேச செஞ்சேன். பலகை போடல. போட்டா என்னிக்காவது ஒருத்தன் கிண்ணத்த வெச்சிடுவான். பலகை எங்கடான்னு கேட்டா புள்ளைங்க ஆத்துக்கு அப்பால கைய காட்டணும். அவ்ளோதான்."

மூப்பர் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இத ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னா அளக்க உட்டிருப்பீங்களா? மணல் கொட்டினாலே திட்டுவீங்க." பிறகு தேவசகாயம் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார் பார்த்துகினுதானே இருந்தாரு. வெஸ்ட்ரி வாசப்படில நின்னாரு. ஏன்டா அளக்கறேன்னு கேப்பாருன்னு பார்த்தேன். கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். கேக்கல."

நோட்டில் இல்லாத வரி

எஸ்தர் காபி கொண்டுவந்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம். தம்ளரைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சார், உங்க ஆறுங்க நோட்டுல ஏத் ஏன் இல்ல?"

எனக்கு உடனே புரிந்தது. காது சூடானது.

ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம். இஸ்ரவேலரில் இவர்களுக்கு மட்டும் யோர்தானின் கிழக்கே நிலம். ஆனாலும் மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு, ஆற்றைத் தாண்டி வந்து மற்றவர்களுக்காகப் போர் செய்தார்கள். முடிந்ததும் வீடு திரும்பினார்கள். திரும்பும் வழியில் யோர்தான் ஓரத்தில் பெரிய பலிபீடம் ஒன்று கட்டினார்கள். தனிப் பீடம் என்றால் துரோகம் என்று, சேதி கேட்டதும் மேற்குக் கரையில் இருந்தவர்கள் சீலோ என்ற ஊரில் கூடினார்கள், யுத்தத்துக்கு. நல்லவேளை, முதலில் பினெகாஸ் என்ற ஆசாரியரையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரித்தார்கள். பதில் வந்தது: இது பலியிட அல்ல. நடுவில் ஆறு இருப்பதால், உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை அந்நியர் என்று தள்ளிவிடக்கூடாது, அதற்குச் சாட்சி. அந்தப் பீடத்துக்கு, சாட்சி என்ற பொருளில், ஏத் என்று பெயர் வைத்தார்கள்.

நான் இதை வாசித்திருந்தேன். நோட்டில் சேர்க்கவில்லை. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்ற என் கட்டத்தில், திரும்பிப் போனவர்களுக்கு இடமில்லை. "பொருந்தாது" என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விட்டேன்.

"உன் அப்பா அதைப் படித்துத்தான் செய்தாரா?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"அவரா? அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஒரு நாளாகும். செஞ்சி முடிச்சப்புறம் நான்தான் படிச்சிக் காட்டினேன். அட, நம்மள மாதிரியே பேஜார் புடிச்சவங்களா கீறாங்களேன்னாரு."

மூப்பர் காபியை முழுதும் குடித்தார். எழுந்து அந்த வெறும் சட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "விரிப்பு நல்ல பட்டு" என்றார். "யார் நெய்தது?"

"சார் ஊட்டுப் பக்கத்துல, கோவிந்தன்."

திரும்பும்போது மூப்பர் ஆற்றின் நடுவில் நின்றார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. "படியில ஒரு குழாய் போட்டுக் குடுத்தா கால் கழுவிக்குவாங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கோவிந்தனைப் பிடித்தேன். "தேவசகாயத்துக்கு விரிப்பு நெய்தீர்களாமே?"

"ஆமா சார். கனமா வேணும், கீழ பலகை இல்ல, நடுவுல தொய்யக்கூடாதுன்னாரு. எனக்கே ஆச்சரியமா இருந்திச்சி."

"என்னிடம் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர், நாலரை அங்குலம்.

தை மாதம்

ஞாயிறு காலை ஆயர் கையெழுத்துப் போடவில்லை. தீர்மானத்தின் குறுக்கே நானே கோடு போட்டேன். இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. அடுத்த வாரம் மூன்றாவது. தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. நோட்டில் ஏத் பீடத்துக்கு ஒரு வரி சேர்த்தேன். "கல் நட்டார்களா" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: "கேட்டார்களா?" மேலே இருந்த ஆறுகளுக்கெல்லாம் அந்தக் கட்டத்தை நிரப்ப இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

திருமணத்தன்று அக்கரையின் ஒன்பது குடும்பங்களும் மணலில் நடந்து வந்தன. படியருகே புதுக் குழாயில் கால் கழுவினார்கள். நான் பாட்டு எண்களைச் சரிபார்க்க வெஸ்ட்ரிக்குள் போனேன். வாசலில் நின்றபோது, திருவிருந்து மேசைக்கு அருகே ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். ஐந்து வயது இருக்கும். புதுப் பாவாடை. கால்கள் ஈரம். குனிந்து, மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூப்பர் பார்த்தால் சத்தம் போடுவார். நான் டைரியை எடுக்கவில்லை. நேராக அவளிடம் போனேன்.

"என்னம்மா பார்க்கிறே?"

அவள் கையை எடுக்காமலே நிமிர்ந்தாள். இன்னொரு முறை தட்டினாள். டொக்கென்று சத்தம் கேட்டது.

"பலகை" என்றாள். "இங்கதான் கீது."